மைனர் வெளுத்துப்போன வாரம்

சிமெண்டுத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். மைனரைக் காணோம்.

தண்ணீர் கலங்கவில்லை. அடியில் கிடந்த உடைந்த ஓடுகூடத் தெளிவாகத் தெரிந்தது. மற்ற மூன்று மீன்களும் இருந்தன. முந்தின நாள் சாயந்திரம் என் வீட்டுக்காரர் வலையிலிருந்து கொண்டுவந்து விட்ட பெரிய மீனும் இருந்தது. கன்னங்கரேலென்ற உடம்பும், வெளுத்த தாடையும், துடுப்போரத்தில் சிவப்புமாக, தொட்டியே தன் அப்பன் வீட்டுச் சொத்து என்று சுற்றிவரும் என் மைனரை மட்டும் காணோம்.

பூனையா? காக்காயா? பக்கத்து வீட்டில் யாராவது பிடித்துக் குழம்பு வைத்துவிட்டார்களா?

அப்போதுதான் பைப்புக்கு அடியில், மூலையில், ஒரு சாம்பல் நிற மீன் ஒதுங்கி நிற்பதைப் பார்த்தேன். உடம்பெல்லாம் பட்டை பட்டையாகக் கோடு. வாலில் ஒரு பழைய கிழிசல். அந்தக் கிழிசலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். மைனரேதான். காலையில் கறுப்பாகப் பார்த்தவன் மத்தியானத்துக்குள் வெளுத்துப்போய் நிற்கிறான்.

எனக்கு அது கெட்ட சகுனமாகவே பட்டது.

சிரிக்காதீர்கள். நான் அப்படிப்பட்டவள்தான். பால் பொங்கினாலும் பயப்படுவேன், பொங்காவிட்டாலும் பயப்படுவேன். அன்றைக்குப் பயப்பட இன்னொரு காரணமும் இருந்தது. விடியற்கருக்கலில் வீட்டை விட்டுப் போன என் வீட்டுக்காரர் இன்னும் திரும்பவில்லை. எங்கே போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானோ மூன்று மாதமாக முழுகாமல் இருந்தேன். போனவர் வரவில்லை, கறுப்பு மீன் வெளுத்துப்போச்சு, இதற்கு என்ன அர்த்தம் என்று தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கொசுவுக்கு வந்தவர்கள்

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கரையில். நான் பிறந்தது திருப்பாலைவனம். பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் வந்தால் வழியில் இருக்கிற ஊர்தான். ஆனால் அங்கே நெல், இங்கே இறால். பொன்னேரிக்குத் தட்டச்சு படிக்கப் போன நான், மார்க்கெட்டுக்கு இறால் கூடையோடு வந்த ஏழுமலையைக் கட்டிக்கொண்ட கதையைப் போன வாரம் சொன்னேன். அதைப் படிக்காதவர்களுக்கு ஒரு வரி: என் நைனா சம்மதிக்கவில்லை. "இனி அவ இந்த வூட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது, இங்கேர்ந்தும் யாரும் அங்க போகக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அம்மா அழுதாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

ஏழுமலை நல்ல கறுப்பு. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வெயிலில் வந்து நின்றால் தோள் பளபளவென்று இருக்கும். அந்தக் கறுப்பில்தான் மயங்கினேன். சொல்லிக்கொள்ள எனக்கென்ன வெட்கம்?

குப்பத்துக்கு வந்த புதிதில் கொசு என்னைத் தூக்கிக்கொண்டு போகாத குறை. ராத்திரியெல்லாம் புலம்புவேன். பொறுக்க முடியாமல் அவர் நாலு ஜிலேபிக் குஞ்சுகளைக் கொண்டுவந்து பின்பக்கத் தொட்டியில் விட்டார். "இதுங்க கொசுப்புழுவத் துன்னுடும். நீயும் வாய மூடிக்கினு தூங்கலாம்" என்றார். ஜிலேபிக் கெண்டைக்கு ஏரித் தண்ணீரும் ஒன்றுதான், குழாய்த் தண்ணீரும் ஒன்றுதான்.

நாலும் முதலில் ஒரே மாதிரி சாம்பலாகத்தான் இருந்தன. கொஞ்ச நாளில் ஒன்று மட்டும் கறுக்கத் தொடங்கியது. தொட்டியின் நடுவில், அடியில் கிடந்த மணலை வாயால் அள்ளி அள்ளிக் குழி பறித்துக்கொண்டது. மற்றவை பக்கத்தில் வந்தால் பாய்ந்து முட்டி விரட்டும். சோற்றுப் பருக்கை போட்டால் முதல் வாய் அதற்குத்தான். அதன் மிடுக்கைப் பார்த்து நான்தான் மைனர் என்று பேர் வைத்தேன். வீட்டில் பேச ஆளில்லாத பொழுதில் மைனரோடுதான் பேசிக்கொண்டிருப்பேன்.

அப்படிப்பட்ட மைனர் வெளுத்தால் எனக்கு எப்படி இருக்கும்?

சாயம் போட்ட ஊர்

இந்த ஊருக்கும் நிறத்துக்கும் பழைய உறவு. டச்சுக்காரர்களான ஒல்லாந்தர்கள் இங்கே கோட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த காலத்தில், இந்தப் பக்கத்துச் சாயத் துணிக்காகத்தான் கடல் தாண்டி வந்தார்களாம். துவைக்கத் துவைக்கப் பளிச்சிடும் சிவப்பாம். அந்தத் துணியை நான் பார்த்ததில்லை. கோட்டை இருந்த இடம் முள்ளும் புதரும் மண்டிய மேடு. உருப்படியாக மிஞ்சியிருப்பது அவர்களுடைய கல்லறைத் தோட்டம்தான். டச்சுக் கல்லறை என்பார்கள். அதன் வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். கல்யாணமான புதிதில் அந்தத் தெருவழியே போகவே மாட்டேன். சுற்றிக்கொண்டு போவேன்.

அவ்வளவு கெட்டிச் சாயம் போட்ட ஊரில், யாராவது குட்டு உடைந்து நின்றால் மட்டும், "சாயம் வெளுத்துப்போச்சி" என்பார்கள். அந்த வார்த்தையை அன்றைக்குச் சாயந்திரமே என் வீட்டு வாசலில் கேட்டேன்.

வாய்க்குத் தெரியாத வார்த்தை

அதற்குக் காரணம் காலையில் தண்ணீர்க் குழாயடியில் நடந்தது. அதைச் சொல்ல, பாடு என்ற வார்த்தையைச் சொல்லியாக வேண்டும்.

திருப்பாலைவனத்தில் பாடு என்றால் கஷ்டம். படாத பாடு பட்டேன் என்போம். ஒருத்தன் யாரையும் கேட்காமல் தன் போக்கில் எழுந்து போனால், அவன் பாட்டுக்குப் போனான் என்போம். நீங்களும் அப்படித்தானே சொல்வீர்கள்?

குப்பத்தில் பாடு என்றால் வேறு. ஏரியில் மீன் பிடிக்கிற இடத்துக்குப் பேர் பாடு. அங்கே வலை கட்டும் முறைக்கும் அதே பேர். ஊர்க்கூட்டத்தில் சீட்டுக் குலுக்கி, எந்த நாள் எந்த வீட்டுக்குப் பாடு என்று முடிவு செய்வார்கள். உன் முறை வந்தால் நீ கம்பு நட்டு வலை கட்டலாம். முறை இல்லாத நாளில் அந்தத் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. அடுத்தவன் பாட்டில் இறங்குவதும், அடுத்தவன் அடுப்பங்கரையில் புகுந்து சோற்றுப் பானையைத் தூக்குவதும் அங்கே ஒன்று.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். மூளைக்குத் தெரியும், வாய்க்குத் தெரியவில்லை.

குழாயடியில் எனக்கு முன்னால் நின்றது செல்லம்மாக்கா, எங்களுக்கு எதிர்வீடு. அன்றைக்கு அவர்கள் வீட்டுப் பாடு.

"இன்னாமே வசந்தா, கருக்கல்லயே கதவு தொறக்கற சத்தம் கேட்டுச்சே. எங்க ஏழுமலை?"

நான் ஏற்கெனவே கடுப்பில் இருந்தேன். "அவரு பாட்டுக்குப் போயிட்டாருக்கா. எங்கிட்டகூட ஒரு வார்த்த சொல்லல."

குடத்தைத் தூக்கப் போனவள் நிறுத்தினாள். "பாட்டுக்கா போனான்?"

"ஆமாக்கா. எப்பப் பாத்தாலும் இப்படித்தான்."

செல்லம்மாக்கா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று போனாள். எனக்கு என்ன தெரியும்? அடுத்து என் குடத்தை வைத்தேன்.

வாசலில் கூட்டம்

செல்லம்மாக்காவின் புருஷன் வலையோடு போய்ப் பார்த்தபோது, அவர்கள் இடத்தில் சேற்றில் கம்பு நட்ட குழிகள் புதிதாக இருந்தனவாம். யாரோ கருக்கலிலேயே வலை கட்டி வாரிக்கொண்டு போய்விட்டார்கள். இறால் கண்ணிலேயே படவில்லை.

சாயந்திர பஸ்ஸில் ஏழுமலை வந்து இறங்கினார். அவர் வாசலுக்கு வருவதற்குள் ஊரே வாசலுக்கு வந்துவிட்டது. முகம் கழுவக்கூட விடவில்லை.

"ஒம் பொண்டாட்டியே சொல்லிட்டா, நீ பாட்டுக்குப் போனேன்னு. சாயம் வெளுத்துப்போச்சி இல்ல?" என்றாள் செல்லம்மாக்கா.

நான் கத்தினேன். ஐயோ, நான் சொன்னது அந்தப் பாடு இல்லை, எங்கள் ஊரில் இதற்கு இதுதான் அர்த்தம் என்று தொண்டை வறளக் கத்தினேன். இரண்டு பெண்கள் சிரித்தார்கள். "புருஷனக் காப்பாத்த எப்படி மாத்திப் பேசுறா பாரு" என்றாள் ஒருத்தி. நான் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். தமிழ் அப்படி இருந்தால் அதற்கு நானா பொறுப்பு?

ஊர்த் தலைவர் கையமர்த்தினார். "இருங்க. ஏழுமலை, நீ சொல்லு. எங்க போயிருந்த?"

"பொன்னேரிப் பக்கம்."

"எதுக்கு?"

தலைவர் இரண்டு தரம் கேட்டார். இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"எறா விக்கத்தான். வேற எதுக்குப் போவான்?" என்றது ஒரு குரல்.

"நான் அவங்க பாட்டுல எறங்கல" என்று மட்டும் சொன்னார்.

தலைவர் பெருமூச்சு விட்டார். "டச்சுக்காரன் வர்றதுக்கு முன்னாடிலேர்ந்து இருக்கற கட்டு இது. ஒனக்காக மாத்த முடியாது. அடுத்த சீட்டுக் கூட்டத்துல தப்ப ஒத்துக்கினு வுழுந்து எழுந்தா சரி. இல்லன்னா சீட்டுல ஒம் பேரு கெடையாது. அதுவரைக்கும் ஊர்ல யாரும் இந்த வூட்டோட பேச்சு வார்த்த வெச்சுக்கக் கூடாது."

சீட்டில் பேர் இல்லையென்றால் ஏரி இல்லை. ஏரி இல்லையென்றால் எங்களுக்கு அங்கே என்ன இருக்கிறது? வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

யாரும் பேசாத வாரம்

யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு கொடுத்திருப்பேன். குழாயடிக்கு நான் போனால் எல்லாரும் குடத்தை எடுத்துக்கொண்டு விலகி நிற்பார்கள். நான் பிடித்து முடித்ததும் குழாய் வாயைக் கழுவிவிட்டுப் பிடிப்பார்கள். கடைக்காரர் என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு, "புளி இல்ல" என்பார். புளி அவர் பக்கத்திலேயே கிடக்கும்.

வாந்தி வேறு. ஒரு நாள் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் கிளம்பி நடந்தேன், கால் போன போக்கில். நின்று பார்த்தால் டச்சுக் கல்லறை வாசல். அந்த எலும்புக்கூடுகள் இரண்டுக்கும் எதிரே உட்கார்ந்து அழுதேன். அந்த வாரம் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளாதவர்கள் அவர்கள்தான்.

ஏழுமலை? சோற்றைப் பிசைவார், பாதியில் எழுந்துவிடுவார். தொட்டிப் பக்கத்தில் போய்க் குந்திக்கொள்வார். அந்தப் பளபளப்பெல்லாம் எங்கே போனதோ, முகம் சாம்பல் பூத்துப்போய், உதடு வறண்டு, பார்க்கவே பயமாக இருந்தது. கண் அசந்தால் எழுந்து ஏரிப் பக்கம் போய்விடுவாரோ என்று அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே தூங்கினேன். காற்றில் கதவு ஆடினால்கூட எனக்குத் தூக்கிவாரிப் போடும்.

"அன்னிக்கி எங்கதான் போனீங்க?" என்று தினமும் கேட்டேன்.

"வுடுமே" என்பார்.

வேறு எவளாவது இருக்கிறாளோ என்றுகூட நினைத்தேன். பயந்தவள் மனசுக்குள் எதுதான் வராது?

அண்டா

மைனருக்கு நோய் என்றே நான் முடிவு கட்டியிருந்தேன். தூக்கி எறிந்துவிடலாம் என்றேன். தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்த ஏழுமலை தலையை ஆட்டினார்.

"நோவு இல்லமே. புதுசா வந்தது பெரிசு. இவன அடிச்சிடுச்சி. அதான் வெளுத்துட்டான். இங்க பாரு, இவன் கறுப்பா இருந்த வரைக்கும் வுடாம முட்டுச்சி. வெளுத்து மூலைக்குப் போனதும் வுட்டுடுச்சி."

உண்மைதான். நடுக்குழி இப்போது புது மீனுடையது. அதுதான் கறுகறுவென்று சுற்றியது. மைனர் பக்கம் வரும், வெளுத்துக் கோடு விழுந்த உடம்பைப் பார்க்கும், ஒன்றும் செய்யாமல் திரும்பிப் போய்விடும்.

அன்றைக்கு எனக்குள் பிறக்காமல் இருந்தவள் இன்றைக்கு விலங்கியல் படித்துவிட்டு எனக்குப் பாடம் எடுக்கிறாள். மீன் தோலில் நிறத்தைச் சுமக்கிற உயிரணுக்கள் இருக்கின்றனவாம். அவற்றுக்குள் கறுப்புத் துகள்கள் பரவினால் மீன் கறுக்கும், ஒரு இடத்தில் குவிந்துகொண்டால் வெளுக்கும். தோற்ற மீனின் உடம்பில் பதற்றம் ஏறினால் இது நடக்குமாம். சில சாதி மீன் பயத்தில் வெளுப்பதற்குப் பதிலாகக் கறுத்துவிடும் என்கிறாள். "ஒவ்வொண்ணும் ஒரு பாஷைம்மா" என்றாள். எனக்கு ஒரு பாஷையே அந்தப் பாடு படுத்தியது போதாதா?

விஷயத்துக்கு வருகிறேன். மைனர் மூலையில் நிற்பதைப் பார்க்கச் சகிக்காமல் அவனை மட்டும் பிடித்து, பெரிய அலுமினிய அண்டாவில் தண்ணீர் ஊற்றி விட்டேன். சமையலை முடித்து வந்து பார்த்தால் கோடுகள் மங்கியிருந்தன. சாயந்திரம் விளக்கேற்றும்போது பார்த்தேன். என் மைனர் கன்னங்கரேலென்று, தாடை வெளுத்து, அண்டாவைச் சுற்றிச் சுற்றி வருகிறான்!

எனக்கு வந்த சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். "பாருங்க, பாருங்க! தனியா எடுத்து வெச்சதும் பழைய கலரு வந்துடுச்சி. நாமளும் போயிடலாம். மெட்ராஸ் போயிடலாம். எவனும் நம்மள முட்ட மாட்டான். போலாங்க, எனக்கு பயமா இருக்குது."

அவர் குனிந்து அண்டாவுக்குள் பார்த்தார்.

"அண்டாவுல கறுத்து இன்னாமே பண்றது? ஏரி இங்க இல்ல கீது?"

கோயில் வாசலில்

சீட்டுக் கூட்டம் அம்மன் கோயில் முன்னால் நடந்தது. ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வேப்ப மரத்தடியில் நின்றார்கள். என்னைச் சுற்றி மட்டும் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் காலியாக இருந்தது.

நான் பேசுவதற்குத் தயாராக வந்திருந்தேன். எங்கே போனார் என்று தெரியாவிட்டாலும், திருட மாட்டார் என்று தெரியும். கோயில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்கிறேன் என்று சொல்வதாக இருந்தேன்.

"ஏழுமலை, எழுந்து நில்லு. அன்னிக்கி நீ செல்லம்மா வூட்டுப் பாட்டுக்குப் போனியா?"

அவர் எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"போனேன்."

"பொய்!" என்று நான் கத்தியது என் காதுக்கே கேட்கவில்லை. அவர் நெடுஞ்சாண்கிடையாக மண்ணில் விழுந்தார். ஏரிக்காற்று அடித்ததில் முதுகெல்லாம் புழுதி. செல்லம்மாக்காகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"போதும், எழுந்திருடா" என்றார் தலைவர், குரல் இறங்கி. "சீட்டுல இவன் பேரையும் போடுங்க."

அவ்வளவுதான், முடிந்தது. திரும்பி வரும்போது கடைக்காரர் என்னைப் பார்த்து, "புளி வந்திருக்குதும்மா" என்றார். அவர் மூஞ்சியிலேயே அந்தப் புளியைக் கரைத்து ஊற்றலாம் போல இருந்தது எனக்கு.

வீட்டுக்கு வந்து அவரை உலுக்கினேன். "செய்யாத தப்ப ஏன் ஒத்துக்கினீங்க? ஏன்?"

"வெளுத்துக் காட்டினேன். முட்டறத வுட்டுட்டாங்க இல்ல? வுடுமே. பேரு வுழுந்துடுச்சி."

அன்றைக்கு முழுக்க நான் அவரோடு பேசவில்லை. ஊர் பேச ஆரம்பித்த நாளில் நான் நிறுத்தினேன்.

பஸ்ஸில் வந்தவள்

மறுநாள் மத்தியான பஸ்ஸில், கையில் ஒரு தூக்குவாளியோடு, என் அம்மா வந்து இறங்கினாள்.

கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவளைப் பார்க்கிறேன். கட்டிக்கொண்டு அழுது, மூக்கைச் சிந்தி, வாளியைத் திறந்தால் உள்ளே மாங்காய் ஊறுகாய்.

"நான் முழுகாம இருக்கறது ஒனக்கு யாரு சொன்னாங்கம்மா?"

"யாரு சொன்னாங்களா? மாப்பிள்ள வந்தாரேடி. ஒனக்குத் தெரியாதா?" அம்மா குரலைத் தாழ்த்தினாள். "அன்னிக்கி விடிஞ்சும் விடியாம வந்து வாசல்ல நின்னாரு. 'வசந்தா ராத்திரில அம்மா அம்மான்னு பொலம்புறா, அத்தைய மட்டும் அனுப்புங்க, நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்'னாரு. உங்க நைனா உள்ள கூப்பிடல. ஒரு வாய்த் தண்ணி குடுக்க என்னையும் வுடல. பொழுது சாயற வரைக்கும் வெயில்லயே நின்னாரு. தெருவுல போறவன் வர்றவனெல்லாம் வேடிக்க பாத்தான். சாயந்திர பஸ்ஸு வந்ததும் கும்புட்டுட்டுப் போனாரு. அதுலேர்ந்து உங்க நைனாவுக்குச் சோறு எறங்கல. காலைல அவரேதான், 'போய்ப் பாத்துட்டு வா'ன்னாரு."

இந்த ஒரு வார்த்தையை வாசலில் சொல்லியிருந்தால் போதும். திருப்பாலைவனமே சாட்சி. அவர் மண்ணில் விழுந்திருக்க வேண்டாம்.

பின்பக்கம் ஓடினேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு வலைக்குக் கம்பு சீவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அண்டாவில் மைனர் சுற்றிக்கொண்டிருந்தான்.

"நான் தலைவர் வூட்டுக்குப் போறேன். இப்பவே போறேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டா."

கத்தி நின்றது. அவர் திரும்பவில்லை.

"வாணாம் வசந்தா. ஊருக்கு முன்னால ஒங்க நைனாவ எதுக்கு நிக்க வெக்கணும்? நான் வுழுந்தது வுழுந்ததா இருக்கட்டும்."

அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டேன். புழுதி வாசனை இன்னும் போகவில்லை. அழுதுகொண்டே, தினமும் கேட்ட கேள்வியைத்தான் மறுபடியும் கேட்டேன். "அன்னிக்கி எங்கதான் போறேன்னு எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல? எங்க போனீங்க, சொல்லுங்க. ஒங்க வாயால சொல்லுங்க."

"நீதான் கொழாயடில எல்லாருக்கும் சொன்னியே."

"இன்னா சொன்னேன்?"

அவர் மறுபடியும் கம்பைச் சீவத் தொடங்கினார்.

"எம் பாட்டுக்குப் போனேன்" என்றார்.